அஞ்சு அடிச்சு ஒண்ணு முழுங்குது

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரன்ட் இப்போதைக்கு வராது. மழையும் விடப் போவதில்லை. லோடு ஏற்ற வந்த நமக்கெல்லாம் விடியும்வரை இந்தக் கொட்டகைதான் கதி. அந்த மெழுகுவத்தியை மட்டும் காற்றுப் படாத பக்கமாகத் தள்ளி வையுங்கள்... ம்.

பேய் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் வரும் என்று எவன் சொன்னான்? இது பட்டப்பகலில் நடந்தது. நம் டயர்க்காரருக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் இருக்கிறார், லாரி மெக்கானிக். அவருக்கு நடந்தது. டயர்க்காரர் இதோ மூலையில்தான் உட்கார்ந்திருக்கிறார். நான் கூட்டிக் குறைத்துச் சொன்னால் அவரே திருத்தட்டும்.

மத்தியானம் இரண்டரை மணி. புறவழிச்சாலை போட்ட பிறகு செத்துப்போன பழைய ரோடு. கண்ணுக்கெட்டிய தூரம் ஆள் இல்லை. நாய்கூட இல்லை. தார் இளகி மினுங்குகிறது. மெக்கானிக் ஷெட் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார். அப்போது தூரத்தில் ஒரு லாரி... கண்ணுக்கு வருமுன் காதுக்கு வந்தது.

டுக். டுக். டுக். டுக். டுக்... ஒன்றுமில்லை. மறுபடி டுக், டுக், டுக், டுக், டுக்... ஒன்றுமில்லை.

மெக்கானிக் டம்ளரைக் கீழே வைத்தார். பாதி டீ அப்படியே இருந்தது.

ஏன் வைத்தார் என்று தெரிய வேண்டுமானால் ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுற்று வட்டாரத்தில் அவருக்குப் பெயரே 'காது'தான். பானட்டைத் திறக்கமாட்டார். தலையைச் சாய்த்துக் கேட்பார், பழுதைச் சொல்லுவார். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். அந்த ஒன்பதுதான் அவரைக் கெடுத்தது.

ஆறு சிலிண்டரில் எது வேலை செய்யவில்லை என்று பார்க்க ஒரு சாதாரண வழி இருக்கிறது. உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். இன்ஜினை ஐட்லிங்கில், நின்ற இடத்திலேயே மெதுவாக ஓடவிட்டு, டீசல் போகும் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்த வேண்டும். நல்ல சிலிண்டராக இருந்தால் தளர்த்தியதும் இன்ஜின் தடுமாறும், சத்தம் இறங்கும். செத்த சிலிண்டராக இருந்தால் ஒரு மாற்றமும் இருக்காது. இரண்டு நிமிட வேலை. காதுக்கு அது கௌரவக் குறைச்சல். "நட்டைத் தளத்திப் பாக்கறவன் கத்துக்குட்டி. நமக்கு போன்ல கேட்டாலே போதும்" என்பார்.

போனில்தான் கேட்டார். மூன்று வருஷத்துக்கு முன்னால்.

அவருடைய தங்கை வீட்டுக்காரர் லாரி டிரைவர். அந்த லாரியில் காற்றுக் குழாயின் இணைப்பில் வைக்கிற பேக்கிங் அட்டை போய்விட்டதென்று கொண்டுவந்து விட்டார். குழாயைக் கழற்றினால் இன்ஜினின் தலையில் ஆறு ஓட்டைகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். ஒவ்வொரு சிலிண்டரும் மூச்சு இழுக்கிற வாய். மண்ணோ நட்டோ உள்ளே விழுந்துவிடக் கூடாதென்று வேலை முடியும்வரை ஆறிலும் ஆறு துணியைத் திணித்து வைப்பார்கள். அந்தத் துணிகளை ஷெட்டுக்குத் தைத்துக் கொடுப்பது தங்கைதான். புருஷனின் பழைய காக்கிச் சட்டையை ஆறாகக் கிழித்து, பிசிர் வராமல் ஓரத்தைச் சிவப்பு நூலால் மடித்துத் தைத்திருந்தாள். ஒன்றில் சட்டைப் பை அப்படியே இருந்தது.

ஆறைத் திணித்தார். ஐந்தை எடுத்தார். நாலாவது வாயில் பை வைத்த துணி உள்ளேயே தங்கிவிட்டது. பேச்சு சுவாரசியமோ, பசியோ... யானைக்கும் அடி சறுக்கும். சறுக்கியதைக்கூட மன்னித்துவிடலாம்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு போன் வந்தது. பாரம் ஏற்றிக்கொண்டு மலைப் பாதையின் அடியில் நிற்கிறார் தங்கை வீட்டுக்காரர்.

"மச்சான், வண்டி சரியில்ல. அஞ்சு அடிச்சு ஒண்ணு முழுங்குது. இழுவையும் இல்ல."

"போனை இன்ஜின் பக்கத்துல பிடிங்க மாப்பிள்ள."

பிடித்தார். இவர் கேட்டார், தலையைச் சாய்த்து, கண்ணை மூடி. சுற்றி நாலு பேர் வேறு நின்றுகொண்டிருந்தார்கள்.

"டீசல்ல தண்ணி. ஓட ஓட சரியாயிடும். ஏத்துங்க."

"ஏத்தட்டுமா? நெசமாவா?"

"இந்தக் காது என்னிக்குப் பொய் சொல்லியிருக்கு?"

மச்சான் சொன்னால் அந்த மனுஷனுக்கு வேதவாக்கு. போனை வைத்தார். வாயில் ஒரு கிராம்பைப் போட்டிருப்பார். தூக்கம் வராமல் இருக்க எப்போதும் சட்டைப் பையில் நாலு கிராம்பு வைத்திருப்பார். பீடி இல்லை, குடி இல்லை. கிராம்புதான் அவருக்கு எல்லாம். பக்கத்தில் போனாலே வாசனை அடிக்கும்.

அன்றைக்கு இரண்டரை மணிக்குத் தங்கை துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஷெட்டுக்குப் பின்னால்தான் அவர்கள் வீடு. ஈரக் கையோடு வாசலுக்கு வந்து நின்றாள்.

"அண்ணே, ஆறு துணி குடுத்தேன். அஞ்சுதான் இருக்கு. பாக்கெட் வச்சது ஒண்ணக் காணோமே?"

அவ்வளவுதான். அந்த நிமிஷம் காதுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பாய்ந்து போனை எடுத்தார். போட்டார். மணி அடித்தது... அடித்தது... அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. தங்கை ஈரக் கையோடு பார்த்துக்கொண்டே நின்றாள்.

"காத்துல எங்கயாவது பறந்திருக்கும்மா" என்றார்.

ஏற்றத்தின் நடுவில் இழுவை போய் இன்ஜின் நின்றிருக்கிறது. அவ்வளவு பாரத்தை பிரேக் எவ்வளவு நேரம் தாங்கும்? வண்டி பின்னால் உருண்டு பள்ளத்தில் இறங்கிவிட்டது. மாப்பிள்ளை பிழைக்கவில்லை. சோதனை செய்கிற அதிகாரி வருவதற்குள் காது அங்கே போய்ச் சேர்ந்தார். சொந்தக்காரர் என்று எல்லோரும் வழிவிட்டார்கள். அழுதுகொண்டே இறங்கினார். அழுதுகொண்டே குழாயின் போல்ட்டைக் கழற்றினார். பாதி கருகிய துணியைக் குறட்டால் இழுத்து எடுத்தார். ரோட்டோரத்தில் டீசல் ஊற்றிக் கொளுத்தி, சாம்பலைக் காலால் தேய்த்தார்.

வண்டியில் கோளாறு இல்லை, ஓட்டியவரின் கவனக்குறைவு என்று எழுதிவிட்டார்கள். ஊர் சும்மா இருக்குமா? குடித்திருப்பான் என்றது. முதலில் தங்கை நம்பவில்லை. ஒரு வாரம், ஒரு மாதம்... சொல்லிச் சொல்லி அவளையும் நம்ப வைத்துவிட்டார்கள்.

"கிராம்பு எதுக்குன்னு இப்பத்தான் புரியுதுண்ணே. நாத்தத்த மறைக்க. இத்தனை வருஷம் என்னை ஏமாத்தியிருக்காரு."

இதைச் சொல்லிக்கொண்டே அண்ணனுக்குச் சாப்பாடு போட்டாள். அவர் சாப்பிட்டார். அந்த இடத்தில்தான் எனக்கு வயிறு எரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போதாதென்று அந்தச் சோற்றையும் தின்றார். புருஷன் போட்டோவை அவள் மாட்டவில்லை. டிரங்குப் பெட்டிக்கு அடியில் குப்புறப் போட்டுவிட்டாள். 'அண்ணன் மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேன்' என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னாள்.

சரி... லாரிக்கு வருவோம். ஷெட் வாசலில் வந்து நின்றது. புழுதி அடங்கியது. பச்சைப் பெயின்ட் அடித்த பழைய வண்டி. காது பார்த்த வண்டி இல்லை. அவருக்கு மூச்சு வந்தது. டிரைவர் இறங்கினான், அலுத்துப்போன முகம்.

"ஐட்லிங்ல உதறுது அண்ணாச்சி. இழுவை சுத்தமா இல்ல. எட்டு ஷெட்டு ஏறி இறங்கிட்டேன். எல்லாரும் நாலாவது நாலாவதுங்கறான், ஒருத்தனும் சரி பண்ணல. இன்ஜின் வேற வண்டியோடது. ஏலத்துல எடுத்துப் போட்டது."

"எந்த வண்டியோடது?"

"யாருக்குத் தெரியும்? ஏதோ விழுந்த வண்டி." சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். திரும்பி வர நடையாகவே ஒரு மணி நேரம் ஆகும்.

ஷெட்டில் காதும் லாரியும் மட்டும். இந்தத் தடவை காதை நம்பவில்லை அவர். அந்த மூன்று வருஷமாகவே நம்புவதில்லை. ஸ்பேனரை எடுத்தார். டீசல் பில்டரை மாற்றினார், டீசல் லைனில் புகுந்திருந்த காற்றை எடுத்தார். உதறல் நிற்கவில்லை. நட்டைத் தளர்த்தினார். ஒன்று... சத்தம் இறங்கியது. இரண்டு... இறங்கியது. மூன்று, இறங்கியது. நாலு. டீசல் நுரைத்து விரலில் வழிகிறது, சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஐந்தும் ஆறும் ஒழுங்காகத் தடுமாறின. ஆறு சிலிண்டரில் அடி விழுகிற வரிசையில் நாலாவதுதான் கடைசி. அதனால்தான் ஐந்து அடி, பிறகு வெறுமை.

டீசலைப் பீய்ச்சுகிற நாசிலில் மூன்றாவதைக் கழற்றி நாலாவதில் போட்டார். நாசிலில் கோளாறு என்றால் பழுது மூன்றுக்கு மாற வேண்டும். மாறவில்லை. கம்ப்ரஷன் பார்த்தார், குறை இல்லை. வால்வு இடைவெளி சரியாக இருந்தது. டீசல் வருகிறது, அழுத்தம் இருக்கிறது. இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி. காற்று.

அந்தக் காற்றுக் குழாயைத் தொடாமல் வெகுநேரம் நின்றார்.

அந்த நேரம் பார்த்துத் தங்கை தண்ணீர்ச் செம்போடு வந்தாள். செம்பைப் பெஞ்சில் வைத்துவிட்டு இன்ஜினையே பார்த்தாள்.

"ஏண்ணே இது இப்படி மூச்சு வாங்குது?"

"டீசல்ல தண்ணி" என்றார். வாய் தானாகச் சொன்னது. அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

இன்ஜினை அணைத்துவிட்டுக் குழாயைக் கழற்றினார். ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தபோது மூன்று புள்ளிகள் தெரிந்தன, உளி முனையால் குத்தியவை. தான் வேலை பார்த்த குழாயில் மூன்று புள்ளி குத்துவது அவர் வழக்கம். இந்தத் தொழிலில் வேறு யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை.

ஆறு வாயையும் டார்ச் அடித்துப் பார்த்தார். நாலாவது மற்றதைவிடச் சுத்தம். கழுவி வைத்த மாதிரி. ஆறு துணியை ஒவ்வொன்றாக வாய்விட்டு எண்ணித் திணித்தார். அந்த விபத்துக்குப் பிறகு எண்ணாமல் அவர் துணி வைப்பதில்லை. பழைய பேக்கிங்கைச் சுரண்டினார். பிறகு எண்ணிக்கொண்டே எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு. ஆறையும் வாளியில் போட்டார். குழாயை மாட்டாமலே இன்ஜினை ஸ்டார்ட் செய்தார்.

ஒவ்வொரு வாய்க்கும் எதிரே உள்ளங்கையைக் காட்டினார். முதலாவது வெடுக்கென்று கையை உள்ளே இழுத்தது. இரண்டாவது, மூன்றாவது அப்படியே. நாலாவதில் வைத்தார்...

இழுக்கவில்லை. வெளியே விட்டது. மெதுவாக, வெதுவெதுவென்று. மனுஷன் மூச்சு விடுவான் பாருங்கள், அந்த மாதிரி உள்ளங்கையில் பட்டது. டீசல் வாடை இல்லை, புகை வாடை இல்லை.

கிராம்பு வாசனை.

காது பின்னால் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். டுக், டுக், டுக், டுக், டுக்... ஒன்றுமில்லை. ஆறாவது அடி விழ வேண்டிய இடத்தில் அந்த இடைவெளி, யாரோ பதிலுக்குக் காத்திருப்பது மாதிரி. ஐந்து அடி... காத்திருப்பு. ஐந்து அடி... காத்திருப்பு.

"நான்தான் மாப்பிள்ள" என்றார். இன்ஜின் சத்தத்தில் அது அமுங்கிவிட்டது. மறுபடி சொன்னார். "துணிய உள்ள வச்சது நான்தான். நீங்க போன் போட்டப்போ நட்டைத் தளத்திப் பாக்கச் சொல்லியிருந்தா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். சொல்லல. அப்புறமும் சொல்லல. நீங்க குடிக்கல. எனக்குத் தெரியும்."

டுக், டுக், டுக், டுக், டுக்... டுக்.

விழுந்தது. ஆறாவது அடி விழுந்தது! அதற்கப்புறம் நிற்கவே இல்லை. இன்ஜின் தையல் மிஷின் மாதிரி ஓடியது. மேலே வைத்திருந்த ஸ்பேனர்கூட அசையவில்லை. காது அழுதார். அழுது முடித்து மூக்கைச் சிந்தினார். குழாயை மாட்டினார். பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்தார். ஆளில்லாத ஷெட்டில் இரும்பிடம் சொன்னால் பாரம் இறங்கிவிடுமாம்! சொல்ல வேண்டியவள் இருபது அடி தள்ளி அடுப்படியில் இருந்தாள். அந்த இருபது அடியை அவர் நடக்கவில்லை.

டிரைவர் வந்தான், ஓட்டிப் பார்த்தான், கையெடுத்துக் கும்பிட்டான். சாயங்காலம் லாரி போய்விட்டது. அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம் என்று காது நினைத்துக்கொண்டார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கொல்லைப்பக்கம் போனார். தங்கை துணியைத் துவைத்துக் கம்பியில் காயப் போட்டிருந்தாள். அதன் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணே, வாளியில எத்தனை துணி போட்டீங்க?"

"ஆறு. எண்ணித்தானே போட்டேன்."

"ஏழு இருக்கு."

ஏழு இருந்தன. ஐந்து பழைய காக்கி. காணாமல் போனதற்குப் பதிலாக அவள் தைத்துக் கொடுத்த வெள்ளைத் துண்டு ஒன்று. கடைசியில் இன்னொரு காக்கி, பாதி ஓரம் கருகியது. மீதி ஓரத்தில் சிவப்பு நூல். நடுவில் சட்டைப் பை.

"இது அன்னிக்குக் காணாமப் போனதுல்ல? எங்க இருந்துச்சு?"

கொளுத்திச் சாம்பலைக் காலால் தேய்த்த துணி. ஆனால் பாருங்கள், அப்போதும் அவருக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. அவளே கேட்கிறாள். எதிரிலேயே நிற்கிறாள்.

"மூலையில எங்கயாவது கிடந்திருக்கும்மா" என்றார்.

அவள் அந்தப் பைக்குள் இரண்டு விரலை விட்டாள். வெளியே எடுத்தாள். விரல் நுனியில் ஒரு கிராம்பு. துணி சொட்டச் சொட்ட ஈரம், கிராம்பு காய்ந்திருந்தது. அவள் அதை மோந்து பார்த்தாள். வாயில் போட்டுக் கடித்தாள்.

"காரம் போகல" என்றாள்.

கொஞ்ச நேரம் மென்றுகொண்டே கம்பியைப் பார்த்தாள். பிறகு திரும்பி அண்ணன் முகத்தைப் பார்த்தாள்.

"அன்னிக்கு நான் துணியக் காணோம்னு சொன்னதும் அவசரமா யாருக்கு போன் போட்டீங்க?"

அவர் காலி வாளியை எடுத்து ஓரமாக வைத்தார். அவள் காத்திருந்தாள். ரொம்ப நேரம் காத்திருந்தாள். பிறகு உள்ளே போய் டிரங்குப் பெட்டியை நகர்த்தி, போட்டோவை எடுத்து, அந்தக் கருகின துணியாலேயே துடைத்தாள். சுவரில் ஆணி அடித்து மாட்டினாள்.

"மூணு வருஷமா உங்களத் திட்டித் தீத்துட்டனே" என்றாள்.

போட்டோவிடம் சொன்னாள். அண்ணன் அவள் குரலைக் கேட்டது அதுதான் கடைசி. ஊரிடமும் சொல்லவில்லை, சண்டை போடவில்லை, வீட்டைவிட்டும் போகவில்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு போடுகிறாள். தட்டை வைத்துவிட்டு அவர் தின்று முடிக்கும்வரை எதிரில் நிற்கிறாள். அதற்குப் பதில் அவள் கத்தித் தீர்த்திருக்கலாம் என்று நம் டயர்க்காரரிடம் அவரே ஒரு நாள் சொல்லி அழுதிருக்கிறார்.

ஷெட்டை மூடியாகிவிட்டது. எந்த வண்டி வந்தாலும் நாலாவது என்கிறார். எவ்வளவு நல்ல இன்ஜினாக இருந்தாலும் நாலாவது. யார் போவார்கள் அவரிடம்? டயர்க்காரர் மட்டும் போன மாதம் பாவம் பார்த்துப் போனார், தன் வண்டியைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தி. அண்ணனுக்குக் கொஞ்சம் தெம்பாக இருக்கட்டுமே என்று, 'லேசா உதறற மாதிரி இருக்குண்ணே, கேட்டுச் சொல்லுங்க' என்றாராம். காது எழுந்து வந்தார். பானட்டின் மேல் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக் கேட்டார். வெகுநேரம் கேட்டார்.

"அஞ்சு அடிச்சு ஒண்ணு முழுங்குது" என்றார்.

கேட்டுக்கொள்ளுங்கள், டயர்க்காரர் இங்கேதான் இருக்கிறார். வண்டி அணைந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. சாவி டயர்க்காரரின் சட்டைப் பையில் இருந்தது. எடுக்கலாமென்று பைக்குள் கையை விட்டார்... சாவியோடு சேர்ந்து விரலில் ஒரு கிராம்பு தட்டுப்பட்டது.